அறுப்பின் பண்டிகையில் வெடித்த நன்னாரி

எங்கள் சித்தப்பா குடியை விட்ட வருஷத்தில்தான் நன்னாரி காய்ச்சத் தொடங்கினார். சாயங்காலமானால் அவருக்குக் கையும் வாயும் சும்மா இருக்காது. ரப்பர் ஷீட் ஏற்றும் லாரி ஓட்டியதால், கீரிப்பாறைப் பக்கம் போகும்போதெல்லாம் நன்னாரி வேர் வாங்கி வருவார். வேரைத் தட்டி, உள்ளே இருக்கும் நரம்பை உருவி எறிந்துவிட்டு, தோலைச் சுக்கோடும் கருப்பட்டியோடும் கொதிக்க வைப்பார். ஆறியதும் ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட் ஒரு சிட்டிகை. பாட்டிலில் அடைத்து மூலையில் வைத்தால் இரண்டாம் நாள் தானாகவே கேஸ் ஏறிவிடும். எல்லாம் போனில் வீடியோ பார்த்துப் படித்த வித்தை. வெளிநாட்டில் இதற்கு ரூட் பீர் என்று பேராம். அந்தப் பேரை வீட்டுக்குள் சொல்லக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்.

சித்தி பாட்டில்களைக் கழுவிக் கொடுப்பாள். ஒரு சொட்டு வாயில் வைக்கமாட்டாள். அதற்கு முந்தின வருஷம் முழுக்கத் தாய்வீட்டில் இருந்தவள் அவள். இன்னொரு தடவை அந்த வாடை வந்தால் போனது போனதுதான் என்று சொல்லித்தான் திரும்பி வந்திருந்தாள். இது வீட்டுக்கு மட்டுமல்ல, சபைக்கே தெரியும். எங்கள் சபைக்கு எதுதான் தெரியாது? தினமும் சித்தப்பா படியேறும்போது ஓடிப்போய், ஒட்டி நின்று பையை வாங்குவாள். என்ன பிரியம் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு எட்டு வயது. அந்த நன்னாரிக்காக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு அலைந்தேன். பிள்ளைகளுக்குக் கிடையாது என்பது சித்தி போட்ட சட்டம். பண்டிகை அன்றைக்குத் தருகிறேன் என்று சித்தப்பா என் காதில் மட்டும் சொல்லியிருந்தார்.

அறுப்பின் பண்டிகைக்கு அவரவர் வீட்டில் விளைந்ததைக் கோயிலில் கொண்டு வைப்பது வழக்கம். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலம் போகும். வாழைக்குலை, தேங்காய், மரச்சீனிக் கிழங்கு, சேவல் என்று பீடத்துக்கு முன்னால் குவிந்து கிடக்கும். எங்களுக்கு விளை நிலம் கிடையாது. வருஷா வருஷம் கடையில் பூசணிக்காய் வாங்கி வைத்துச் சமாளிப்போம். இந்தத் தடவை என் கையால் செய்ததை வைக்கிறேன் என்று சித்தப்பா பிடிவாதமாக நின்றார். அப்பா வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். எடுபடவில்லை.

கோயிலில் வைக்கப் பிளாஸ்டிக் பாட்டில் மரியாதையாக இருக்காது என்று கோட்டாறு போய், கம்பிக் கொக்கி போட்ட கண்ணாடி பாட்டில்கள் வாங்கி வந்தார். அங்கேதான் பிசகிப் போனது. பிளாஸ்டிக் என்றால் அழுத்திப் பார்த்து, கல்லு மாதிரி இருந்தால் மூடியைக் கொஞ்சம் திறந்து கேஸை விட்டுவிடுவார். கண்ணாடியை எங்கே அழுத்துவது? போதாக்குறைக்கு நல்ல வெயில், நீளமான பிரசங்கம்.

மரச்சீனி ஏலம் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு பாட்டில் வெடித்தது. சேவல் கால்கட்டோடு பாட்டுக்காரர்கள் மேல் பறந்து விழுந்தது. யாருக்கும் காயமில்லை. வெள்ளை விரிப்பெல்லாம் நுரை. கோயில் முழுக்கப் புளித்த கருப்பட்டி வாடை. அது எதைப் போன்ற வாடை என்று அங்கிருந்த ஆண்களில் பாதிப் பேருக்கு நன்றாகவே தெரியும். அவர்கள்தான் முதலில் முகம் சுளித்தார்கள்.

ஏலம் போட்ட கமிட்டிக்காரர் மைக்கை இறக்காமலே கேட்டார்.

“கோயிலுக்குள்ளயும் கொண்டு வந்திட்டியாடே?”

சித்தப்பா முன்னால் ஓடிப்போய், தோளில் கிடந்த துண்டால் விரிப்பைத் துடைத்தார். கூட்டம் மொத்தமும் பெண்கள் பக்கம் திரும்பிச் சித்தியைப் பார்த்தது.

சித்தி எழுந்து முன்னால் போனாள். ஒரு பாட்டிலை எடுத்து, முந்தானையைப் போட்டுப் பிடித்துக்கொண்டு கொக்கியைத் தட்டினாள். நுரை கையெல்லாம் வழிந்தது. நின்ற நிலையிலேயே அண்ணாந்து பாதி பாட்டிலைக் குடித்தாள். பக்கத்தில் மைக் இருந்ததால் அவள் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

“நன்னாரியாக்கும். வேற ஒண்ணும் இல்ல. நீங்க ஏலத்தப் போடுங்க.”

எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. பண்டிகையும் வந்தாயிற்று, நன்னாரிதான் என்று சித்தியே சொல்லியாயிற்று, இனி என்ன தடை? ஓடிப்போய்க் கையை நீட்டினேன். சித்தி பாட்டிலை எனக்கு எட்டாமல் இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“உனக்கு வேண்டாம் மக்கா” என்றாள், மைக்குக்கு எட்டாத குரலில்.

ஏலம் தொடர்ந்தது. மீதி பாட்டில்களைப் போதகரே கேட்டு எடுத்தார். சேவலைப் பிடிக்கத்தான் நேரமானது.

வீடு வரைக்கும் அழுதேன். சித்திமேல் கோபம், அதைவிடக் கோபம் சித்தப்பாமேல். பக்கத்தில்தான் நின்றார், பார்த்துக்கொண்டுதான் நின்றார். பிள்ளைக்கு ஒரு வாய் கொடு என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவரோ தலையைக் குனிந்துகொண்டு கண்ணாடித் துண்டு பொறுக்கப் போய்விட்டார். அவர் முகம் ஏன் அப்படிச் செத்துப் போனது என்று நான் யோசிக்கவே இல்லை.

போன மாதம் சித்தி என் வீட்டுக்கு வந்திருந்தாள். சித்தப்பா கொடுத்துவிட்ட இரண்டு பாட்டில் நன்னாரி, பிளாஸ்டிக்தான். என் மகளுக்கு அவளே ஊற்றிக் கொடுத்தாள். எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் கிளம்பிவிட்டது. நன்னாரிதான் என்று கண்டுபிடித்த பிறகும் எனக்கு ஏன் தரவில்லை என்று கேட்டேன். சித்தி டம்ளரைக் கீழே வைத்தாள்.

“நான் கள்ளும் குடிச்சதில்ல, சாராயமும் குடிச்சதில்ல. எனக்கு எப்பிடிட்டி தெரியும்?”