இடது போட்டால் வலது

டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர் என்றால், யாரோ செய்த தப்புக்கு யாரிடமோ திட்டு வாங்குவதற்காகச் சம்பளம் பெறுகிறவன் என்று அர்த்தம். வண்டியை விட்டுவிட்டு எங்கள் பிளாஸ்டிக் நாற்காலியில் காய்ந்து கிடந்திருப்பீர்களே, அதே பாடுதான் எனக்கும். என் நாற்காலிக்குக் கை உண்டு, அவ்வளவுதான்.

மேம்பாடு

எங்கள் ஸ்கூட்டர் மாடல் ஒன்றில் இண்டிகேட்டர் சுவிட்சு கோளாறு. இடது பக்கம் போட்டால் சில நேரம் வலது பக்கம் மின்னும். விற்ற வண்டிகளையெல்லாம் வரவழைத்து இலவசமாக மாற்றித் தரச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

மேனேஜர் எங்களைக் கூட்டிவைத்து, "பழுதுன்னு வாயில வரக்கூடாது. மேம்பாடுன்னு சொல்லுங்க. அவசரம் ஒண்ணுமில்ல, மெதுவா கூப்பிடுங்க" என்றார். புது சுவிட்சுகள் வந்து இறங்கிய மறுநாள், ஷட்டர் தூக்கும் முன்பே ஒரு ஸ்கூட்டர் வாசலில் நின்றது. மேனேஜர் வீட்டம்மா ஓட்டும் வண்டி. மெக்கானிக் செல்வம் ஸ்பேனரைத் தேடிக்கொண்டே சொன்னான்: "சார் வீட்டு மேம்பாட்டுக்கு மட்டும் இம்புட்டு அவசரம்ணே."

சும்மா தந்தால்

திருவாதவூர் விவசாயி ஒருவருக்குப் போன் போட்டேன். "இலவசமா மாத்தித் தர்றோம்" என்றதும், "அடுத்து ஓடிபி கேப்ப, அதான?" என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டதற்கு, என் பிறப்பைப் பற்றிச் சில சந்தேகங்கள் கேட்டார்.

இரண்டு நாள் கழித்து ஆளே நேரில் வந்து நின்றார். கூரையைப் பார்த்தார், போர்டைப் பார்த்தார், என்னையும் தொட்டுப் பார்க்காத குறை. "வண்டி எங்கங்கய்யா?" என்றேன். "பஸ்ஸுல வந்தேன். வண்டியையும் ஓட்டியாந்து, நீங்க களவாணிப் பயலுகளா இருந்துட்டா நான் எதுல வீட்டுக்குப் போறது?"

உறை கிழியாத சுவிட்சு

ஆரப்பாளையத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர் ஒருவர். வண்டி பழசாகி, சீட்டெல்லாம் கிழிந்திருந்தது. இண்டிகேட்டர் சுவிட்சின் மேல் மட்டும், வாங்கும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை அப்படியே பத்திரமாக இருந்தது. "ஒருநாள்கூடப் போட்டதில்லையாண்ணே?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் எங்கிட்டுத் திரும்புறேன்னு கண்டவனுக்கும் எதுக்குய்யா சொல்லணும்?"

வருத்தம்

பிறகு ஒரு டீச்சர் வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர். கையில் மாவுக்கட்டு, வண்டியை அவருடைய தம்பி தள்ளிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்துக்குத் திரும்ப இடது பக்கம் போட்டிருக்கிறார். வலது பக்கம் மின்னியிருக்கிறது. பின்னால் வந்த வேன்காரன் இவர் வலது பக்கம் போகிறார் என்று நம்பி இடது பக்கமாக ஏறிவந்து இடித்துவிட்டான்.

அவருக்கு நாங்கள் இன்னும் போன் செய்திருக்கவில்லை. அவசரம் ஒன்றுமில்லையே! மேனேஜர் ஒரு சாவிக்கொத்து வளையத்தை நீட்டி, "உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துறோம் மேடம்" என்றார். எனக்கு அங்கே நிற்கவே கூசியது. டீச்சர் வளையத்தை வாங்கவில்லை. சத்தமும் போடவில்லை. "அசௌகரியம்னா புதுச் செருப்பு கடிக்கிறது சார். எனக்கு எலும்புல்ல ஒடஞ்சிருக்கு."

நம்பிக்கை

அன்றைக்கே எங்கள் எல்லாரையும் போனோடு உட்கார வைத்துவிட்டார் மேனேஜர். மிச்ச வண்டிகள் அந்த வாரமே வந்து சேர்ந்தன. டீச்சர் வண்டிக்குப் புது சுவிட்சு போட்டதும் நானே சரிபார்த்து, அவர் வீட்டில் விட ஓட்டிப் போனேன்.

அழகர்கோவில் ரோட்டில் அவர் தெரு வருவதற்கு வெகுமுன்பே இடது பக்கம் போட்டேன். இடதுதான் மின்னியது. பெருமையோடு திரும்பினேன். பின்னால் கிரீச்சென்று ஓர் ஆட்டோ, என் சக்கரத்தை முத்தமிடாமல் நின்றது. ஆட்டோக்காரர் தலையை நீட்டி, நியாயம் கேட்டார்: "இண்டிகேட்டரைப் போட்டுட்டு நெசமாவே அந்தப் பக்கம் திரும்புனா, பின்னாடி வாரவன் என்னண்ணே செய்வான்?"

ஆக, இடம் வலம் தெரியாத சுவிட்சுகளை எல்லாம் மாற்றி முடித்துவிட்டோம். ஓட்டுகிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும்தான் உதிரிபாகம் இன்னும் வந்து இறங்கவில்லை.