குளத்து வீட்டு அனீஸா

பிள்ளையார் கோயில் மதிலில் பூச்சு உதிர்ந்த இடத்தை இஞ்ச் டேப்பால் அளந்துகொண்டிருக்கிறார் அனீஸா. "ஒன்றரை இஞ்ச்தான் கனம். இது ராஜா காலத்துச் செங்கல்லுங்க. மாதா கோயில்ல மூணு இஞ்ச். அது வெள்ளைக்காரன் காலம்" என்கிறார். குருக்களுக்கும் பாதிரியாருக்கும் இது பழகிவிட்டது. ரவிக்கைக்கு அளவெடுக்கும் அதே டேப்தான்.

எங்கள் ஊரில் அவர் தையலுக்கு ஈடு கிடையாது. சொன்ன தேதியில் துணி வராது, அது வேறு விஷயம். கேட்டால், "சர்ச் மணி எந்த வருஷத்துதுன்னு பாத்துட்டிருந்தேன், நாளைக்கு வாங்க" என்பார். டியூப்லைட்டின் பாதி வெளிச்சத்தை மறைக்கும் 'உபயம்' எழுத்தைக்கூட நோட்டில் குறித்துக்கொள்வார். கொடுத்தவர் பெயர் விட்டுப்போகக் கூடாதாம். அவருக்குக் கோபம் வர வேண்டுமானால், துணி வெட்டும் கத்திரியால் காகிதம் வெட்டினால் போதும். மகள் சாஜிதா ஒருமுறை வெட்டிவிட்டாள். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை.

பஸ் ஸ்டாப்பில் ஊர் வரலாற்றுப் பலகை வைக்க ஊராட்சி முடிவு செய்ததும், எழுதும் வேலை தானாக அவரிடம் வந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கைகால் கழுவி ஒளுச் செய்யும் குளத்தைக் கட்டியது அவருடைய கொள்ளுத்தாத்தா என்பது ஊரறிந்த சேதி. அதனால்தான் 'குளத்து வீடு'. வாசலில் பித்தளைப் பலகையே உண்டு. அந்த வீட்டில் கல்யாணப் பேச்சு அந்தப் பெயரில்தான் தொடங்கும்.

போன மாதம் குளத்துப் படியைச் செப்பனிடச் சுண்ணாம்பைச் சுரண்டினார்கள். கொத்தனார் குணசேகரன் போனில் படமெடுத்து வந்து அனீஸாவிடம் காட்டினார். கல்லில் தெளிவாக இருந்தது: 'இக்குளம் ஆப்பக்கடை கமருன்னிஸா உபயம்.'

கமருன்னிஸாவின் வாரிசுகள் கடைசித் தெருவில் இன்றும் ஆப்பம்தான் சுடுகிறார்கள். குளத்து வீட்டுக் கல்யாணம் எதற்கும் அவர்களுக்கு அழைப்பு போனதில்லை.

துபாயிலிருந்து அண்ணன் சலாஹுதீன் போனில் குதித்தார். "சாஜிதாவுக்கு மாப்பிள்ளை பேசிட்டிருக்கிற நேரத்துல உனக்கு ஏம்மா இந்த வேலை? சிமெண்டைப் பூசிட்டா யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியுமேண்ணே."

சொல்லிவிட்டாரே தவிர முகம் வாடிவிட்டது. அன்று மெஷினில் உட்காரவே இல்லை. ஜாக்கெட் வாங்கப் போயிருந்த எனக்குப் பார்க்கப் பாவமாக இருந்தது. "ஊருக்கெல்லாம் அளந்து எழுதிட்டு, எங்க வீட்டுக்கு மட்டும் லூசா தைக்கவாங்க?" என்று என்னையே கேட்டார்.

மறுநாள் காலை மறுபடி என் ஜாக்கெட்டைக் கேட்கப் போனேன். வழக்கம்போல் ரெடியில்லை. ஆனால் பலகைக்கான தாள் எழுதி முடித்து மெஷின்மேல் இருந்தது. பள்ளிவாசல் பத்தியின் முதல் வரியிலேயே கமருன்னிஸா. அனீஸா வாசலில் ஸ்டூல் போட்டு ஏறியிருந்தார். ஸ்க்ரூடிரைவர் தேடி உள்ளே போன சாஜிதா இன்னும் திரும்பவில்லை. அதற்குக் காத்திராமல், துணி வெட்டும் கத்திரியின் நுனியை ஆணிக்கடியில் கொடுத்து, 'குளத்து வீடு' பலகையை நெம்பிக்கொண்டிருந்தார்.