மேரியக்காவுக்கு நான் எழுதிய சொல்

மேரியக்கா இறந்த செய்தியைச் நம்மோடு வேலை பார்த்த செல்விதான் போனில் சொன்னார். நல்லம்பள்ளிப் பக்கம் தக்காளி பறித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. "பேக்டரி ஆளுங்க எல்லாரும் வராங்க. நீங்களும் வந்துருங்க" என்றார். போனேன். கல்லறையில் ஜெபம் சொன்னவர் "சாந்தமான சகோதரி" என்றார். சாந்தமாக இருந்திருந்தால் அவர் இன்னும் ஜவ்வரிசி செய்யும் நம் சேகோ பேக்டரியிலேயே இருந்திருப்பார்.

அவரோடு உட்கார்ந்து கிழங்கு சீவிய உங்களுக்கு அவர் வாயைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. எடை போடுகிறவர் ஒருநாள், "கை அசையட்டும், கை அசையட்டும்" என்று விரட்டினார். மேரியக்கா தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "கை அசையுதுங்க. உங்க தராசு முள்ளுதான் அசைய மாட்டேங்குது." மறுநாள் தராசை மாற்றினார்கள்.

மேரியக்கா கழிப்பறை கேட்ட நாள் உங்களுக்கு மறந்திருக்காது. அத்தனை பெண்களுக்கும் பேக்டரிக்குப் பின்னாலிருந்த கரும்புக்காடுதான் மறைவு. கரும்பு வெட்டியபின் அதுவும் இல்லை. மேனேஜர் வந்து கத்தினார்.

"வேலைக்கு வந்தீங்களா, லாட்ஜுக்கு வந்தீங்களா?"

"வேலைக்குத்தாங்க சார். உங்க ஒருத்தருக்கே ரெண்டு கட்டி வெச்சிருக்கறதப் பாத்து, நீங்கதான் லாட்ஜுக்கு வந்தீங்களோன்னு நெனச்சோம்."

நீங்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள். குமாஸ்தாவாக ரெஜிஸ்டரோடு நின்றிருந்த நானும் சிரித்தேன்.

அன்று சாயங்காலம் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். "அந்தப் பொம்பளைய நிறுத்தியாச்சு. ஏதாச்சும் காரணம் போட்டு லெட்டர் கொண்டா."

காரணத்தை அவர் சொல்லவில்லை. கடிதத்தில் இருந்த 'வாய்த்துடுக்கு' என்ற சொல் அவருடையது என்றுதான் இன்றுவரை நினைத்திருக்கிறீர்கள். இல்லை. அதைத் தேடி எடுத்தவன் நான். அதற்கு முந்தைய வாரம்தான் அதே மேனேஜரைப் பாராட்டி ஒரு வாழ்த்துரை எழுதிக் கொடுத்திருந்தேன். முதலாளியின் கேள்விக்கு அவர் சட்டென்று ஒரு பதில் சொல்லிச் சபையையே சிரிக்க வைத்திருந்தார். அதற்கு நான் போட்ட சொல் 'சமயோசிதம்'. இரண்டும் ஒரே திறமை. நாற்காலியில் இருந்து பேசினால் சமயோசிதம், தரையில் உட்கார்ந்து பேசினால் வாய்த்துடுக்கு. எதை யாருக்கு எழுத வேண்டும் என்று படித்த எனக்குத் தெரிந்திருந்தது. கழிப்பறை கேட்டார் என்பதை அந்தக் கடிதத்தில் ஒரு வரிகூட எழுதவில்லை.

கடிதத்தை கேட் அருகில் நான்தான் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, அந்தச் சொல்லில் விரல் வைத்தார்.

"இதுக்கு என்னங்க தம்பி அர்த்தம்?"

"அளவுக்கு மீறிப் பேசறதுங்க, அக்கா."

"அளவு யாருங்க வெச்சது?"

என் முகத்தைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, குரலைத் தாழ்த்திக்கொண்டார். "பாவம், உங்களப் போயி எழுத வெச்சுட்டாங்களா? நீங்க வருத்தப்படாதீங்க தம்பி. நான் வேற வேல பாத்துக்கறேன்."

அந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன். அதன்பிறகு தோட்டவேலைக்குப் போகும்போது பஸ்ஸில் எத்தனையோ முறை பார்த்துச் சிரித்தார். அப்போதும் சொல்லவில்லை.

என்னைப் பார்த்துப் 'பாவம்' என்றாரே, அதை வாங்கி வைத்துக்கொண்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். அது எனக்குச் சேர வேண்டியதில்லை.