கிராஞ்சி ஆரஞ்சு

செத்தவர்கள் நினைவாக உதட்டுச் சாயம் விற்பது மரியாதையா, அவமரியாதையா? அந்தச் சாயத்துக்குப் பெயர் வைத்தவள் நான். எனக்கே இன்னும் தெரியவில்லை.

தஞ்சோங் பகாரில் ஒரு சிறிய அழகுப்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். சாயங்களுக்குப் பெயர் வைப்பதும் டப்பாவில் போடும் நாலு வரி எழுதுவதும் என் பொறுப்பு. பிரசவ விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாளே மேலாளர் பர்வீன் கூப்பிட்டார்.

“நித்யா, கிராஞ்சியில ஒர்க்கர்ஸ பின்னால ஏத்திட்டுப் போன லாரி கவிழ்ந்து ரெண்டு பேர் செத்தாங்கல்ல? அவங்களுக்கு ஒரு ட்ரிப்யூட் லிப்ஸ்டிக். சேஃப்டி வெஸ்ட் ஆரஞ்சு. பேரு வேணும்.”

“கிளாஸா, மேட்டா?” என்றேன். வேறு என்ன கேட்பதென்று தோன்றவில்லை.

“மேட் லா. துக்கத்துல பளபளன்னு இருந்தா நல்லா இருக்காது.”

‘கிராஞ்சி ஆரஞ்சு’ என்று எழுதிக் கொடுத்தேன். சொல்லும்போது வாயில் நன்றாக உருண்டது, பாராட்டும் கிடைத்தது. குழந்தைக்குப் பால் கலக்கினால் மணிக்கட்டில் மூன்று முறை சொட்டிச் சூடு பார்க்கிறவள், அந்தப் பெயரை ஒரு முறைதான் படித்தேன்.

அச்சுக்குப் போகுமுன் எந்தப் புதுச் சாயத்தையும் லிட்டில் இந்தியாவில் பார்லர் வைத்திருக்கும் செல்வி அக்காவிடம் காட்டுவது எங்கள் வழக்கம். புருவம் திருத்தும் நூலைப் பல்லில் கடித்தபடியே தீர்ப்புச் சொல்லிவிடுவார். அன்று என் மணிக்கட்டில் இழுத்திருந்த ஆரஞ்சுக் கோட்டைப் பார்த்தார். பெயரையும் கதையையும் சொன்னேன். பல்லிலிருந்து நூல் விழுந்தது.

“அந்த லாரியிலதான் என் தம்பி இருந்தான். காலு ரெண்டு எடத்துல உடைஞ்சுது. இப்ப லாரியில சீட்டு, பெல்ட்டு எல்லாம் போட்டாச்சா, இல்ல லிப்ஸ்டிக் மட்டுந்தானா?”

மன்னிப்புக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். “என்கிட்ட எதுக்கு, அவன்கிட்ட கேளு” என்று தம்பியை ஸ்பீக்கரில் போட்டு விஷயத்தைச் சொன்னார். கால் சரியாகி அவர் இப்போது துவாஸில் வேலை செய்கிறார். மறுபடியும் லாரியில்தான் போய்வருகிறார்.

“போடட்டும்க்கா. நம்மள வேற யாரு ஞாபகம் வச்சிருக்கா? ஆனா அன்னைக்கு நாங்க போட்டிருந்தது ஆரஞ்சு இல்ல, மஞ்சள். செத்த ரெண்டு பேரும் அதான் போட்டிருந்தாங்க. மாத்தச் சொல்லு.”

“வெக்கமா இல்லடா உனக்கு?”

“கலர் தப்பா இருந்தாத்தான்க்கா வெக்கம்.”

மறுநாள் பர்வீனிடம் இருவர் சொன்னதையும் சொன்னேன்.

“மஞ்சள் லிப்ஸ்டிக்கா? மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கும் லா. ஆரஞ்சே இருக்கட்டும். ஃப்ரைடேக்குள்ள சைன் பண்ணிடு.”

பெயர் வைத்தவள் கையெழுத்தில்லாமல் டப்பா அச்சுக்குப் போகாது. அந்த ஃபார்ம் என் பையில், டயப்பர்களுக்கு நடுவில் கிடக்கிறது. ‘எளிதில் அழியாது’ என்று டப்பாவில் எழுதியதும் நான்தான். பால் சொட்டிப் பார்க்கும் இடத்தில் கோடு இன்னும் அழியவில்லை.

படிக்கிறவர்கள் சொல்லுங்கள்: அக்கா பேச்சைக் கேட்டு நிறுத்தச் சொல்லவா, தம்பி பேச்சைக் கேட்டு மஞ்சளுக்குச் சண்டை போடவா? வெள்ளிக்கிழமைக்கு முன்னால் சொன்னால் நல்லது. இல்லாவிட்டால் நான் கையெழுத்துப் போட்டுவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.