முப்பத்தேழு

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து நாற்பது. வெயிலோடு புழுதிக் காற்றும் அடித்தது. திருத்தங்கல் பஸ் நிறுத்தத்தில் ஒரு பால்பவுடர் டின்னை இரண்டு கையாலும் பிடித்தபடி இறங்கினேன். டின்னுக்குள் முப்பத்தொரு பித்தளைப் பொத்தான்கள், நான்கு கொக்கிகள், தையல்காரர் விரலில் மாட்டும் தொப்பி ஒன்று, புகைபிடிக்கும் குழாயின் உடைந்த துண்டு ஒன்று. ஆக முப்பத்தேழு. விருதுநகரில் கிளம்பும் முன் மூன்று முறை எண்ணியிருந்தேன்.

டின் தூத்துக்குடியில் இருக்கும் என் தங்கை கணவருடையது. கடலில் மூழ்கிக் கிடந்த ஏதோ ஒரு கப்பல் பக்கம் சங்கு குளித்தவர்கள் எடுத்துவந்து அவருடைய அப்பாவிடம் கொடுத்தவை. அப்பா பெயரில் ஓர் அருங்காட்சியகத்துக்கு அவற்றைக் கொடுத்துவிட மாப்பிள்ளை நினைத்தார். அருங்காட்சியகத்தில் முதலில் படம் கேட்டார்கள்.

"சிவகாசிப் பக்கம் இருக்கீக, உங்களுக்கா ஆள் கிடைக்காது மச்சான்" என்று டின்னை என்னிடம் தள்ளிவிட்டார். மொத்தம் எத்தனை என்று கேட்டேன். "நான் எண்ணல. நீங்கதான் எப்படியும் எண்ணிருவீகளே" என்றார்.

படம் எடுத்தவர் பட்டாசு கிஃப்ட் பாக்ஸ்களுக்கு லேபிள் செய்கிறவர். சீசன் ஆர்டர்களுக்கு நடுவே இரண்டு மணி நேரம் ஒதுக்கினார். ஒவ்வொன்றையும் வெள்ளைத் தாளில் வைத்து, விளக்கைச் சாய்த்துச் சாய்த்து, பச்சைக் களிம்பும் நங்கூர முத்திரையும் தெளிவாக விழும்படி எடுத்தார். குறை சொல்ல முடியவில்லை, முயன்று பார்த்தேன். எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் அடுக்கி, தூத்துக்குடிக்கு நேராகவே போனில் அனுப்பிவிடுவதாகச் சொன்னார்.

மூன்றாம் நாள் மாப்பிள்ளை கூப்பிட்டார்.

"மியூசியத்துக்காரவுககிட்ட நாப்பத்திரண்டுன்னு சொல்லிட்டேன் மச்சான். டின்னை எப்பக் கொண்டாறீக?"

"முப்பத்தேழுதான மாப்ளே?"

"படத்துல எண்ணிட்டேன். நாப்பத்திரண்டு."

"வீட்டுல நல்லாத் தேடிப் பாருங்க மச்சான்" என்று போனை வைத்துவிட்டார். ஐந்தை நான் எங்கே வைத்திருப்பேன் என்று யோசிக்கிற குரல் அது.

மறுபடியும் திருத்தங்கல். லேபிள்காரர் மறைக்கவே இல்லை.

"வரிக்கு ஆறு வச்சேன் சார். கடைசி வரியில ஒண்ணு மட்டும் ஒத்தையா நின்னுச்சு. அம்புட்டு இடத்தைக் காலியா விட்டா பாக்ஸ்ல சரக்கு குறையுதுன்னு நினைப்பாகள்ல? அதான் அஞ்சு பொத்தானைக் காப்பி பண்ணித் திருப்பிப் போட்டேன்."

"எந்த அஞ்சு?"

"தெரிஞ்சிரக் கூடாதுன்னு கலைச்சு விட்டுட்டேனே!"

கண்டுபிடிக்க அவருக்கே அரை மணி நேரம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடி போய், டின்னை ஒரு தட்டில் கவிழ்த்து மாப்பிள்ளை முன்னால் எண்ணினேன். போனில் படத்தைப் பெரிதாக்கி, ஒரே மாதிரி இருந்த இரண்டு பொத்தான்களைக் காட்டினேன்.

"ஒரே அச்சுல வார்த்தது, ஒரே மாதிரிதான இருக்கும்?" என்றார்.

"ஓரத்து உடைசலுமா?"

"ஒரே கப்பல்லதான கெடந்துச்சு."

தங்கை காபி கொண்டுவந்து வைத்தாள். தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. அறுபது வருடமாக என் கணக்கைச் சரி பார்க்காமல் நம்பியவள்.

மாப்பிள்ளைதான் பெருந்தன்மையாக முடித்துவைத்தார். "விடுங்க மச்சான். அஞ்சு பொத்தானுக்காக உறவைக் கெடுத்துக்க முடியுமா? ஆசைப்பட்டுட்டீக, வச்சுக்கிடுங்க. மிச்சம் அஞ்சும் எங்க மச்சான் வீட்டுல பத்திரமா இருக்குன்னு அவுககிட்டச் சொல்லிக்கிடுறேன்."

படத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு, திருத்தங்கலுக்கு இரண்டு முறை போய்வர நூறு, தூத்துக்குடிக்கு இருநூற்று இருபது, தங்கைக்கு வாங்கிப்போன காராச்சேவு நூற்று அறுபது. என்னிடம் இல்லாத ஐந்து பொத்தான்களுக்கு நான் கொடுத்த விலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பது ரூபாய்.