கட்டியவர் போன பிறகும் நிற்கும் சுவர்

வேலைக்குக் கிளம்பும்போது போன் வந்தது. "அக்கா மௌத்தாயிட்டாங்க," என்றார் ஜமீலா அக்காவின் தம்பி. அக்கா இறந்துவிட்டார் என்பதற்குமேல் எதுவும் காதில் ஏறவில்லை. வழியில் ஆட்டோவை நிறுத்தி ரோஜா மாலை வாங்கிக்கொண்டு ஓடினேன். அவர்கள் வீட்டில் இறந்தவர் உடலுக்கு மாலை போடமாட்டார்கள் என்பது வாசலுக்குப் போன பிறகுதான் உறைத்தது. இத்தனை வருஷம் பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு இதுகூடவா தெரியாது! "பரவால்ல, குடுங்கக்கா," என்று தம்பி அதை வாங்கி ஓரமாக வைத்தார்.

அவரோடு பழகியவர்களுக்குத் தெரியும். பசுமலையில் நாங்கள் வேலை பார்த்த கல்லூரியில் அவர் தத்துவம், நான் இயற்பியல். இடைக்கால இஸ்லாமிய ஞானிகளைப் பற்றி ஆரம்பித்தாரென்றால் டீ ஆறிப்போகும். "செங்கல்லு வீடாகலாம்னுதான் கெடக்கும். தானா ஆகாது. அதுக்கு இருப்பைக் குடுக்கிறதுதான் நெசமான காரணம். அது முன்னாடி வந்துட்டுப் போயிராது, கூடவே இருக்கும்," என்பார். காரணம் முதலில், விளைவு பிறகு என்று பாடம் நடத்துகிற எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்ப நாங்க நடத்துறது பூரா பொய்யாக்கா?"

"பொய்னு யாருடி சொன்னா? பாதின்னுதான் சொன்னேன்."

போன வருஷம் என் அப்பா இறந்தார். கொத்தனார் அவர், எங்கள் ஆனையூர் வீட்டைத் தன் கையாலேயே கட்டியவர். துக்கம் கேட்க வந்த அக்காவிடம், இனி இந்தச் சுவர்தான் எனக்கு அப்பா என்று அழுதேன். அவர் சுவரில் கை வைத்துப் பார்த்தார்.

"உங்கப்பா கல்லை அடுக்குனாரு. கை நின்னதும் அந்த வேலை முடிஞ்சிருச்சு. இப்ப இது நிக்கிதுன்னா, இப்ப ஏதோ ஒண்ணு தாங்குது. அது உங்கப்பா இல்லடி."

எழவு வீட்டில் பேசுகிற பேச்சா இது? "அப்ப எங்கப்பா கட்டலையா?" என்று கத்திவிட்டேன்.

"கட்டுனாரு. அம்புட்டுப் பெரிய மனுசனை இந்தச் சுவத்துக்குள்ள போட்டு அடைக்காதன்னுதான் சொல்றேன்," என்றார். அன்று முழுக்க என்னைவிட்டு நகரவில்லை. சோற்றைப் பிசைந்து ஊட்டிவிட்டார். எனக்குக் கோபம் மட்டும் குறையவில்லை.

இப்போதும் குறையவில்லை. அக்கா வீட்டிலிருந்து திரும்பியதிலிருந்து உட்கார முடியாமல் எங்கள் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறேன். அவர் சொன்னது சரியென்றால், அவர் எனக்குள் உண்டாக்கிய எதையும் இனித் தாங்கப்போவது அவர் இல்லை. எப்படி ஒத்துக்கொள்வேன்? அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தத் தீராத சண்டைதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் சொன்னது தப்பு என்று சாதித்தே ஆக வேண்டும் எனக்கு. சாதிப்பதற்கு எதிரே அவர் வேண்டும்.