நாமக்கல்லுக்கு எடுத்த டிக்கெட்

எனக்குக் காரணமே இல்லாமல் நெஞ்சு படபடக்கும். செத்துவிடுவேன் என்று தோன்றும். "வீட்டுக்குள்ளேயே இருக்காதீங்க, பஸ் ஏறி எங்கேயாவது போய்ட்டு வாங்க" என்றார் டாக்டர். அதனால் வெள்ளிக்கிழமைதோறும் சேலத்தில் நாமக்கல் பேருந்து ஏறுவேன். டிக்கெட் என்னவோ நாமக்கல்லுக்குத்தான். ஆனால் ராசிபுரம் வந்ததும் பயம் முற்றி இறங்கிவிடுவேன். ஒருமுறைகூட நாமக்கல் போய்ச் சேர்ந்ததில்லை.

அன்றும் ராசிபுரத்தில் எழுந்தேன். பக்கத்து இருக்கைப் பெண் சட்டென்று என் கையைப் பிடித்தாள். அதே பேருந்தில் அடிக்கடி பார்த்த முகம், பேசியதில்லை.

"எறங்கிராதீங்க்கா. எனக்கு பஸ்ஸுன்னாலே பயமுங்க. ஆனா வாராவாரம் எங்கம்மாவப் பாக்கப் போயாகோணும். நீங்க தைரியமா உக்காந்திருக்கறதப் பாத்துத்தான் நானும் ஏறுறேனுங்க. நீங்க எறங்கிட்டா, ஊரு வர்ற வரைக்கும் கண்ண மூடிக்குவேன்."

தைரியமா? நானா? திகைத்துப்போய் உட்கார்ந்துவிட்டேன். பேருந்தும் கிளம்பிவிட்டது.

நாமக்கல் நெருங்கியபோது, ஊர் நடுவே ஒற்றைப் பாறை எழுந்து நின்றது, உச்சியில் கோட்டையோடு. நாங்கள் போகப்போக அது வானத்தை அடைத்துக்கொண்டு வந்தது. என் நெஞ்சு படபடத்தது. அந்தப் படபடப்பு எனக்குப் பிடித்திருந்தது.

"ஏனுங்க்கா, இதுக்குக் கீழதான் எங்கம்மா ஊடு. இப்படி எந்திரிச்சு வர்றத நான் பாத்ததேயில்லீங்க" என்றாள் அவள், கண்களை அகலத் திறந்து.

பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனால் பேருந்தில் ஏறும்போதெல்லாம், என்னை நம்பி யார் ஏறுகிறார்களோ என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.